விழுங்கிவிட்டது டாக்டர், இப்போது என்ன செய்வது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாய் எலும்பைத் தின்றுவிடுவதைப் பற்றியவை. அதனால் தோல் நோய், தடுப்பூசிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த இதழ் முழுக்க எலும்புக்கே கொடுத்துவிட்டேன். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் நாய்க்கு 4 வயது, எடை 9 கிலோ. விருந்தினர் சாப்பிட்டு எழுந்த தட்டிலிருந்து வேகவைத்த கோழிக்கால் எலும்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. பிடிப்பதற்குள் இரண்டு கடி கடித்து விழுங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவை என்றார் அக்கா. எண்ணெய் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றார் கணவர். நாய் எலும்பு தின்னாமல் வேறு எதைத் தின்னும் என்றார் மாமனார். குழப்பத்தில் எதையும் செய்யவில்லை. ஒரு வாரம் ஆகிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு முறை நடந்தால் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் கால்நடை மருத்துவர் பேச்சை. அன்று எதையும் ஊற்றாமல் விட்டீர்களே, அதுவே நல்ல காரியம்.

உப்புத் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். நான் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். பச்சை எலும்பில் ஈரமும், கொலாஜன் என்ற புரதமும் இருக்கின்றன. அதனால் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வேகவைக்கும்போதும் சுடும்போதும் அந்த இரண்டும் கெட்டுப்போகின்றன. எலும்பு மொறுமொறுப்பாகி, கடித்தால் கூரான சில்லுகளாகப் பிளக்கிறது. அப்படிப்பட்ட சில்லு எப்படியோ கீறாமல் உள்ளே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்கவைத்தால் அதே சில்லு முழு வேகத்தில் மேலே ஏறிவரும். உணவுக்குழாயைக் கிழிப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. அதோடு உப்பே தனியாக ஒரு விஷம்தான். வாந்தி வராமல் உப்பு மட்டும் உள்ளே தங்கிவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஏறி, நடுக்கம், வலிப்பு, உயிரிழப்பு வரை போகலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது இரைப்பையின் உட்சுவரையே புண்ணாக்கும். எலும்பு விஷயத்தில் வீட்டில் யாரும் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எண்ணெய்க்கும் அதே பதில்தான். திமிறும் நாயின் வாயில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். எங்கேயோ குத்திக்கொண்டிருக்கும் எலும்பை அது அசைக்கப்போவதும் இல்லை.

மாமனார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நாயின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. இரைப்பைக்குப் போய்ச்சேர்ந்த எலும்பு பெரும்பாலும் மெல்ல மெல்ல இளகிக் கரையும். எலும்பு விழுங்கிய நாய்களில் பல ஒன்றும் ஆகாமல் தப்பிவிடுவதற்குக் காரணம் அதுதான். தொல்லை வருவது இரைப்பைக்கு முன்னால் சிக்கினாலோ, கரையாத துண்டு இரைப்பையைத் தாண்டிப் போனாலோதான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? மிச்ச எலும்புகளை அதன் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். துரத்தாதீர்கள், துரத்தினால் மெல்லாமல் அப்படியே விழுங்கிவிடும். மூச்சு சீராக இருக்கிறதா, ஈறு வழக்கமான நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உடனே மருத்துவருக்கு போன் செய்யுங்கள். எந்த விலங்கின் எலும்பு, எவ்வளவு பெரியது, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்ற விவரங்களைச் சொல்லுங்கள். அதே மாதிரி எலும்பு இன்னொன்று தட்டில் மிச்சமிருந்தால் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன் என்று வாயால் விளக்குவதைவிட அதைப் பார்த்தால் எங்களுக்குச் சட்டென்று புரியும்.

ரொட்டியோ சோறோ கொடுத்தால் எலும்பைச் சுற்றிப் பஞ்சுபோலப் பாதுகாப்பாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள். சில மருத்துவர்களும் சொல்வதுண்டு. ஆனால் போனில் பேசாமல் நீங்களாகக் கொடுக்காதீர்கள். எலும்பு உணவுக்குழாயில் சிக்கியிருந்தால் மேலே போடும் உணவு இன்னும் அடைக்கும். எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்ப்பது, செய்யவேண்டி வந்தால், இரைப்பை நிறைய உணவு இருக்கும்போது குழாய் வழியாக எதுவும் தெரியாது. மயக்கத்தில் அந்த உணவு மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு. கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் கொடுங்கள்.

இப்போது உணவுக்குழாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டார் கவனிக்கத் தவறுவது இதைத்தான். எலும்பு மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று: கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடம், இதயத்துக்கு மேலே, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குச் சற்று முன்னால். சின்ன இனங்களில், குறிப்பாக டெரியர் வகைகளில், இது அதிகம். மாட்டிக்கொண்ட நாய்க்குப் பெரும்பாலும் மூச்சு முட்டாது. பல நேரம் அது நடக்கும், வாலைக்கூட ஆட்டும். ஆனால் உதட்டை ஓயாமல் நக்கும், வெறுமனே விழுங்கிக்கொண்டே இருக்கும், எச்சில் ஒழுகும், கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கும். தண்ணீர் குடித்த கையோடு அது அப்படியே வெளியே வந்துவிடும். என்னிடம் ஒரு சின்ன டெரியரைக் கொண்டுவந்தவர், 'விளையாடுகிறது டாக்டர், ஆனால் நேற்றிலிருந்து உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறது' என்று மட்டும்தான் சொன்னார். எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் ஒரு முதுகெலும்புத் துண்டு பளிச்சென்று தெரிந்தது. அது உதட்டை நக்குவதை அவர் கவனித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே சிக்கிய எலும்பு அழுத்தி அழுத்திச் சுவரை அழுகவைக்கும், பிறகு ஓட்டை விழும், மார்புக்குள் கிருமி பரவும். எலும்பை எடுத்த பிறகும் அந்த இடம் தழும்பாகிச் சுருங்கி, நாய் வாழ்நாள் முழுக்கக் கூழாகவே சாப்பிடும் நிலை வரலாம். அதனால் இது 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடும் விஷயம் இல்லை. சீக்கிரம் வந்தால் எண்டோஸ்கோப்பி மூலமே வெளியே எடுக்கலாம், அல்லது இரைப்பைக்குள் தள்ளிவிடலாம். அங்கே அமிலம் பார்த்துக்கொள்ளும்.

அந்த அறிகுறி எதுவும் இல்லை, மருத்துவரும் வீட்டிலேயே பாருங்கள் என்கிறார் என்றால் குறைந்தது 3 நாள் கண்ணில் வைத்திருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை மறுப்பது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, முன்பக்கத்தைத் தரையில் தாழ்த்திப் பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்பது, மூலையில் போய்ச் சுருண்டுகொள்வது, மலம் போகாமல் முக்குவது, மலத்தில் இரத்தம், தார்போலக் கறுத்த மலம். இதில் ஒன்று தெரிந்தாலும் கிளம்பிவிடுங்கள். அந்த நாட்களில் வெளிக்குப் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். கையுறை போட்டு ஒரு குச்சியால் மலத்தைக் கலைத்துப் பார்த்தால் எலும்புத் துகள் வந்திருப்பது தெரியும்.

வலிக்குமே என்று நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் நாய்களைக் கொன்றிருக்கின்றன.

இன்னொன்று. தட்டிலிருந்து போனது எலும்பு மட்டுமா, வெங்காயமும் பூண்டும் சேர்ந்த மசாலாவுமா? வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. அதன் விளைவு அன்றே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகப் போகும். கொழுப்பும் தோலும் நிறையத் தின்றிருந்தால் கணைய அழற்சி வரலாம். போனில் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தொண்டையில் சிக்கி மூச்சே விட முடியாமல் போனால்? மருத்துவமனை போய்ச்சேரும்வரை தாங்குமா? தனியாக வாழும் எனக்கு இதை நினைத்தாலே படபடப்பாக இருக்கிறது.

பதில்: உங்கள் படபடப்பு நியாயமானதுதான். இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் உடனே கையை வைக்கவேண்டும், அதனால் இப்போதே படித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தமாக இருமுகிறது, ஓங்கரிக்கிறது என்றால் காற்று போய்வருகிறது. அதைத் தொந்தரவு செய்யாமல் இருமவிட்டு, வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். சத்தம் இல்லாமல் வாயைக் காலால் பிறாண்டுகிறது, நாக்கும் ஈறும் நீலமாகின்றன என்றால் காற்று நின்றுவிட்டது. வாயைத் திறந்து பாருங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரிந்து, பிடித்து இழுக்கும்படி இருந்தால் மட்டும் எடுங்கள். தெரியாத இடத்தில் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுவீர்கள். பயத்தில் அது கடிக்கவும் செய்யும்.

தெரியவில்லையா? சின்ன நாய் என்றால் பின்னங்கால்களைப் பிடித்துத் தலை கீழே வரும்படி தூக்குங்கள். பெரிய நாய் என்றால் பின்பக்கத்தை மட்டும் உயர்த்துங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 முறை வரை தட்டுங்கள். வரவில்லை என்றால் பின்னால் இருந்து அணைத்து, விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே கைமுட்டியை வைத்து, உள்ளே தள்ளித் தலைப்பக்கமாக 5 முறை வரை அழுத்துங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வாயைப் பாருங்கள். மயங்கி மூச்சு நின்றுவிட்டால் பக்கவாட்டில் கிடத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் மார்பை அழுத்துங்கள். 30 அழுத்தலுக்கு ஒருமுறை வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக 2 மூச்சு.

எலும்பு வெளியே வந்து, நாய் எழுந்து ஓடினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தொண்டையில் கீறல் இருக்கலாம், அழுத்தியதில் உள்ளே அடிபட்டும் இருக்கலாம்.

கேள்வி: நல்லி எலும்பு வளையம் கீழ்த் தாடையில், கோரைப்பற்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. சோப்பு போட்டு இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. இப்படியெல்லாம்கூட நடக்குமா?

பதில்: நடக்கும், அடிக்கடி. உள்ளே போன வழியில் வெளியே வராது, ஏனென்றால் மாட்டியதும் தாடை வீங்கத் தொடங்கிவிடும். இழுக்க இழுக்க வீக்கம் கூடும், பல்லும் உடையும். நாங்கள் மயக்க மருந்து கொடுத்து அந்த வளையத்தை வெட்டி எடுப்போம். கொண்டுவரும்வரை அது காலால் பிறாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: ஆட்டெலும்பு தின்ற மூன்றாம் நாள் வெள்ளையாகச் சுண்ணாம்புக்கட்டி மாதிரி மலம் போகிறது. முக்கி முக்கி அழுகிறது, கொஞ்சம் இரத்தமும் வருகிறது. ஆசனவாயில் எலும்பு நுனி தெரிகிறது. மெதுவாக இழுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குத் தெரிவது நுனி மட்டும். அதன் மறுமுனை எந்தப் பக்கம் குத்திக்கொண்டிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இழுத்தால் மலக்குடல் கிழியலாம்.

பொடியான எலும்பு பெருங்குடலில் சேர்ந்து, நீர் உறிஞ்சப்பட்டு, கல்லாக இறுகிவிடுகிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் சுண்ணாம்புக்கட்டி. ஒருமுறை கஷ்டப்பட்டுப் போய்விட்டு அதன்பின் நாய் தெளிவாக இருந்தால் அவ்வளவு பயம் இல்லை. உங்கள் நாய் அழுகிறது, இரத்தமும் வருகிறது. இந்த இதழ் கைக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்று உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்: மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து, வெதுவெதுப்பான நீரில் எனிமா வைத்து, கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுப்பார்கள். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமாவை வாங்கி நீங்களே வைக்காதீர்கள். சின்ன நாய்களில் அது உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து உயிரையே எடுத்துவிடும். மலமிளக்கியும் வேண்டாம், மேலே குடல் அடைத்திருந்தால் அது எரிகிற தீயில் எண்ணெய்.

கேள்வி: வெந்ததுதானே கெட்டது, பச்சை எலும்பு கொடுக்கலாம் அல்லவா? கடையில் நாய்க்கென்றே பாக்கெட்டில் விற்கும் எலும்பாவது நல்லதா?

பதில்: பச்சை எலும்பு அவ்வளவு எளிதில் சில்லுகளாகப் பிளக்காது. அதற்குமேல் அதற்கு நற்சான்று கொடுக்க என்னால் முடியாது. முழுசாக விழுங்கினால் அதுவும் அடைக்கும். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம். நாய்க்கு ஒன்றும் ஆகாமல், அது நக்கிய குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரலாம். பெரிய மாட்டெலும்பைக் கடிக்கும் நாய்களுக்கு மேல்வரிசைக் கடைவாய்ப் பல் பிளந்துபோவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். பல்லுக்குள் இருக்கும் நரம்பு வெளியே தெரியும்படி உடைந்தாலும் நாய் வலியைக் காட்டாமல் ஒரு பக்கமாக மென்றுகொண்டிருக்கும்.

பாக்கெட் எலும்பு விஷயத்தில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவற்றில் பல, சூட்டில் உலர்த்தியோ புகையூட்டியோ செய்தவை, அதாவது வெந்த எலும்புதான். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் இவற்றைப் பற்றியே ஓர் எச்சரிக்கை விட்டது. 2010 நவம்பரிலிருந்து 2017 செப்டம்பர்வரை அவர்களுக்கு வந்த சுமார் 68 புகார்களில், ஏறத்தாழ 15 நாய்கள் இறந்துபோனதாகச் சொல்லப்பட்டிருந்தது. தாமாக முன்வந்து எழுதியவர்களின் கணக்கு மட்டும் அது.

கடிக்க ஏதாவது வேண்டும் என்றால், கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழும் அளவுக்கு மெத்தென்று இருக்கவேண்டும். தடமே விழவில்லை என்றால் அது பல்லை உடைக்கும். நாயின் வாய்க்குள் முழுசாகப் போகாத அளவில் வாங்குங்கள். தேய்ந்து சிறிதானதும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மீன் முள்?

பதில்: மெல்லிய முள் பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் குத்தி நிற்கும். எச்சில், ஓங்கரிப்பு, வாயைப் பிறாண்டுதல் இருந்தால் காட்டுங்கள். கோழி, ஆட்டு எலும்பு எக்ஸ்ரேயில் தெரிவதுபோல எல்லா முள்ளும் தெரியாது என்பதால், 'எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் நாயை மாலையில் நான்தான் நடத்திக் கூட்டிப்போகிறேன். வழியில் கிடக்கும் எலும்பை எடுத்துவிடுகிறது. வாயைப் பிடித்துப் பிடுங்கப்போனால் உறுமிக்கொண்டு விழுங்கிவிடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, முதலில் ஒரு சத்தியம் செய்: உறுமும் நாயின் வாய்க்குள் கையை விடமாட்டேன் என்று. அது கெட்ட நாய் இல்லை. நீ பிடுங்க வருவாய் என்று தெரிந்துகொண்டதால் அவசரமாக விழுங்குகிறது. நாம் மாற்றவேண்டியது அந்த எண்ணத்தைத்தான்.

வீட்டில் தொடங்கு. அதற்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு பொம்மையை வாயில் வைத்திருக்கும்போது, மூக்கருகே நல்ல வாசனையுள்ள ஒரு தீனித்துண்டைக் காட்டு. பொம்மையைக் கீழே போட்டதும் 'விடு' என்று சொல்லித் தீனியைக் கொடு. பிறகு, இதுதான் முக்கியம், பொம்மையையும் அதனிடமே திருப்பிக் கொடு. விட்டால் இழப்பு இல்லை, இரண்டும் கிடைக்கிறது என்று அதற்குப் புரியவேண்டும். பல நாள் இப்படிச் செய்த பிறகு, நீ 'விடு' என்று முதலில் சொல்லி, அது விட்டதும் தீனியைக் கொடு. அப்புறம் அதற்கு மிகவும் பிடித்த பொம்மை, பிறகு வாசல், பிறகு தெரு. அவசரப்பட்டு நேராகத் தெருவில் எலும்பை வைத்துச் சோதித்துப் பார்க்காதே.

அது பழகும்வரை கயிறு குட்டையாக இருக்கட்டும், குப்பை கிடக்கும் பக்கம் போகாதே. பாக்கெட்டில் எப்போதும் தீனி வைத்துக்கொள். எலும்பை எடுத்துவிட்டது என்றால் கத்தாதே, கயிற்றை இழுக்காதே. ஒரு கை நிறையத் தீனியைத் தரையில் இறைத்துவிடு. குனிந்து பொறுக்குவதற்கு வாயில் இருப்பதைப் போட்டுவிட்டுத்தான் ஆகவேண்டும். அது பொறுக்கும்போதே மெல்ல எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடு. அப்படியும் விழுங்கிவிட்டால் வீட்டில் உடனே சொல். உன்னைத் திட்டுவார்கள் என்று ஒளிக்காதே. பெற்றோருக்கும் சொல்கிறேன்: பையனைத் திட்டாதீர்கள், எத்தனை மணிக்கு விழுங்கியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்த்தாலும் வாயில் போடும் நாய் என்றால் கூண்டுபோல இருக்கும் வாய்ப்பூட்டு ஒன்று வாங்கச் சொல். அதைப் போட்டிருந்தாலும் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். துணியால் இறுக்கிக் கட்டும் வகை வேண்டாம். நடக்கும்போது நாய் உடல் சூட்டைத் தணித்துக்கொள்வது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான், இறுக்கிய துணி அதைத் தடுத்துவிடும். வாங்கியதும் மாட்டிவிடாதே. உள்ளே தீனி வைத்து, தானாக மூக்கை நுழைக்கப் பழக்கு.